ஊரே திறந்து பார்த்த ரேடியேட்டர்

யுரில்லா நெட்பால் அணிக்காரிகளின் பஸ் ஆட்டத்துக்கு வருகிற வழியில் ஹாரக்ஸ் கணவாயிலேயே கொதித்து நின்றுவிடுமாம். எஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்ட் என்று ஒன்று அந்த வண்டியில் போன கோடையிலேயே வற்றிப்போய்விட்டதாம். இறுதி ஆட்டம் ஆடாமலேயே கோப்பை வில்மிங்டனுக்குத்தானாம். வில்மிங்டன் பப்பில் யாரோ இப்படிச் சொல்ல, அதைத் தபால் வண்டி கெவினுடைய மைத்துனி கேட்க, அவள் வாயிலிருந்து கெவின் கேட்க, அவன் தபால் பையோடு சேர்த்து இதையும் யுரில்லாவில் இறக்கிவிட்டான்.

வெர்னா லீபெல்ட் அப்போது தன் பெட்ரோல் பங்க்கில் ஒரு லாரிக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தாள். குழாயை விடாமலே திரும்பினாள்.

"எவன் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும் வெர்னா? காதுல விழுந்ததச் சொல்றேன்."

"என் வண்டியில கூலன்ட் இல்லையாமா? என் வண்டியிலயா?"

"உன் வண்டி எங்க இருக்கு? அது ஊர் வண்டி."

"வண்டி ஊரோடது. உள்ள இருக்கிற கூலன்ட் என்னுது. போய் உன் மைத்துனிகிட்ட சொல்லு."

அவள் சொன்னதில் மிகை ஏதும் இல்லை. வெர்னாவுக்கு வயது அறுபத்தொன்று. தெற்கே கோதுமை விளைகிற பக்கத்தில் ஜெர்மன் வழிக் குடும்பத்தில் பிறந்து, ரயில் பாதையில் வேலை பார்த்த கோர்டன் லீபெல்ட்டைக் கட்டிக்கொண்டு, இந்தச் செம்மண்ணுக்கும் உப்பு ஏரிகளுக்கும் நடுவே வந்து சேர்ந்தவள். வந்த நாளிலேயே, காரில் கட்டிய கல்யாண ரிப்பன்கூட அவிழாத நேரத்தில், எஞ்சின் கொதித்துவிட்டது. மாப்பிள்ளை தண்ணீர் தேடிப் போயிருந்தான். அவன் வருவதற்குள் வேலையை முடித்துவைத்து அசத்தலாம் என்று புதுப்பெண் ரேடியேட்டர் மூடியைத் திருகினாள். ஆவியும் கொதிநீரும் பீறிட்டு அடித்தன. வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தழும்பு. யாராவது கேட்டால், "என் கல்யாணத்துக்குப் போட்ட வளையல்" என்பாள்.

கோர்டன் போய்ச்சேர்ந்து பல வருடமாகிறது. பங்க் இருக்கிறது. எதிர்ச்சாரியில் பப் நடத்தும் கொழுந்தன் மெர்வின் இருக்கிறான், சண்டை போட. அப்புறம் நெட்பால் இருக்கிறது, ஏழு ஏழு பெண்களாக ஆடி வளையத்தில் பந்து போடுகிற ஆட்டம். முழங்கால் இருந்தவரைக்கும் யுரில்லா அணிக்கு கோல் காத்தாள். முழங்கால் போனதும் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் ஆடிய காலத்திலும் சரி, ஓட்டிய காலத்திலும் சரி, அந்த அணி இறுதி ஆட்டத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. இந்த வருடம் மிதிக்கப்போகிறது. வெர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. பங்க்குக்கு வருகிற ஊர் பேர் தெரியாத லாரிக்காரர்களிடமெல்லாம், "சனிக்கிழமை ஃபைனல், தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூலன்ட் பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும். முதலில் உள்ளங்கையை மேலே வைத்து, சூடு துளியும் இல்லை என்று உறுதி செய்துகொள்வாள். பக்கத்து டப்பாவில் திரவம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். அத்தோடு விடமாட்டாள். மூடியையும் திறந்து, விரலை விட்டு, நிறத்தைப் பார்ப்பாள். கிளிப்பச்சையாக இருக்க வேண்டும். துரு கலந்திருந்தால் விரல் நுனி சொல்லிவிடும். குறைந்திருந்தால் பாதி கூலன்ட், பாதி மழைநீர். யுரில்லாவில் நிலத்தடித் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். கெட்டிலில் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும், எஞ்சினுக்குள் விட்டாலும் அதையேதான் செய்யும். கூரையில் விழுந்து தொட்டியில் சேரும் மழைநீரைத் தேநீருக்கும் ரேடியேட்டருக்கும் தவிர வேறெதற்கும் யாரும் தொடமாட்டார்கள்.

பஸ் ஊர்க்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். சாவி அதிலேயே தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கிறவர் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். அந்தச் சட்டத்தை ஊரில் ஒரே வாரத்தில் இத்தனை பேர் கடைப்பிடித்தது அதுவரை நடந்ததில்லை. கெவின் இறக்கிவிட்டுப் போன வதந்தி வீடு வீடாகப் போயிற்று. சாயங்காலம் வெர்னா வந்து பார்த்தால், பஸ்ஸின் முன்பக்கத்துக்குள் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

"மெர்வின்! உள்ள என்ன தேடுற, உன் மூளையையா?"

"கூலன்ட் பாக்குறேன்."

"காலையிலதான் நான் பாத்தேன்."

"நீ பாத்தா உனக்குத் தூக்கம் வரும். எனக்கு வர வேண்டாமா?"

"மூடியைத் திறந்தியா?"

"திறக்காம எப்படிப் பாக்கிறது, மோப்பம் பிடிச்சா? கொஞ்சம் மழைத்தண்ணியும் விட்டேன். என் சொந்தத் தொட்டி."

"நிறைஞ்சிருக்கிறதுல எங்கடா விட்ட?"

"வழிஞ்சுது. ஆனா மனசு நிறைஞ்சுது."

அவன் மட்டுமா? அணியில் ஆடுகிற கிளினிக் நர்ஸ் நோலீன், நாடி பார்ப்பதுபோல மூடியின்மேல் இரண்டு விரலை வைத்து, திறந்து, பார்த்து, மூடினாள். அணித் தலைவி பெட்ராவின் கணவன் ஆட்டுப்பண்ணையிலிருந்து இதற்காகவே வந்து, கொஞ்சத்தை வடித்துவிட்டு, தன் வீட்டு மழைநீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனான். தன் தொட்டித் தண்ணீர் இல்லாமல் கோப்பை வந்துவிடக்கூடாது என்று ஆளாளுக்கு ஒரு குவளையோடு வந்தார்கள். வியாழக்கிழமை வெர்னா விரலை விட்டுப் பார்த்தபோது கிளிப்பச்சை வெளுத்து வெள்ளரிச் சாறாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, வடித்து, திரும்பவும் சரியான அளவில் கலந்து ஊற்றினாள். ஒரு அட்டையில் "பார்த்தாயிற்று. தொட்டால் கையை ஒடிப்பேன் – வெர்னா" என்று எழுதி முன்பக்கத்தில் சொருகிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது: "நானும் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது – மெர்வின்."

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வெர்னா வண்டியின் முன்னால் நின்றாள். வடக்கே பாலைவனத்திலிருந்து காற்று அப்போதே சூடாக வீச ஆரம்பித்திருந்தது. வசந்த காலத்தில் இப்படிச் சில நாள் வந்து வாட்டும். அவள் உள்ளங்கையை வைத்தாள், டப்பாவைப் பார்த்தாள், மூடியைத் திறந்து விரலை விட்டாள். நிறைந்திருந்தது. கிளிப்பச்சை. அவளுக்கே சிரிப்பு வந்தது. மூடியைத் திரும்ப வைத்த நேரத்தில் தெருமுனையில் ஹாரன் அலறியது.

"வெர்னா! ஷெல்பி வந்துட்டா!"

ஷெல்பி நெடுநெடுவென்று வளர்ந்தவள், கோல் போடுகிறவள், சுரங்கத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்து சேர வேண்டியவள். அவள் வருவாளா மாட்டாளா என்று ஊரே காத்திருந்தது. நீலப் பாவாடை போட்ட பெண்கள் கூடத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். யாரோ தகர வாளியைத் தட்டினார்கள். மெர்வின் ஆரஞ்சுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தான். வெர்னா மூடியை அழுத்தித் திருகி, பானெட்டைப் படாரென்று சாத்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"ஃபோனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்," என்று மெர்வின் ஜன்னல் வழியாகக் கத்தினான். ஆட்டுமுடி வெட்டுகிற பருவம் என்பதால் ஆண்கள் யாராலும் கூடப் போக முடியவில்லை. "ஜெயிச்சதும் அடி. தோத்தா அடிக்காத, நான் தூங்கிடுவேன்."

"தோத்தா உன் தலையிலதான் அடிப்பேன்!"

நெடுஞ்சாலை முழுக்கப் பாட்டு. போர்ட் அகஸ்டாவில் பாலம் தாண்டும்போது கடல் பளபளத்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், கடலும் அவர்களுக்கு ஆதரவு போல. சமவெளி முடிந்து ஹாரக்ஸ் கணவாய் ஏற ஆரம்பித்தபோது வெர்னா கியரை மாற்றினாள். பின்னாலிருந்து அடிக்கிற காற்று. வண்டி போகிற வேகத்திலேயே காற்றும் போனதால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கவில்லை. அவள் கண் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் போயிற்று. முள் நடுவில் நின்றது. ஒரு வளைவு தாண்டியதும் நடுவைத் தாண்டியது. அடுத்த வளைவில் சிவப்பைத் தொட்டது.

"பாட்டை நிறுத்துங்க," என்றாள் வெர்னா.

இனிப்பான, காரமான கூலன்ட் வாசனை உள்ளே வந்தது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக ஆவி எழுந்தது. வெர்னா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

"கொதிச்சிடுச்சா?" என்றாள் ஷெல்பி.

"கொதிச்சிடுச்சு."

"ஐயோ, அவனுங்க சொன்ன மாதிரியே!"

பெட்ரா முதல் ஆளாகக் கீழே குதித்தாள். பண்ணையில் ஆயிரம் ஆடுகளைக் குரலாலேயே திருப்புகிறவள். துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

"தள்ளு வெர்னா. துணியைப் போட்டுத் திறந்து, தண்ணி ஊத்தி, கிளம்பலாம். ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு நாம கோர்ட்ல நிக்கலைன்னா கொஞ்ச நேரம்தான் பொறுப்பாங்க. அப்புறம் விசில் ஊதி அவங்களுக்குக் குடுத்துடுவாங்க."

"தொடாத."

"வெர்னா, இது ஃபைனல்டி!"

வெர்னா சட்டைக் கையை மேலே தள்ளி, வலது கையை பெட்ராவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதே மாதிரிதான் நானும் துணியைப் போட்டேன். ரெண்டு கையும் வெந்துபோய் கோப்பையை எதுல வாங்கப்போற, பல்லுலயா?"

பெட்ரா துண்டைத் தரையில் எறிந்தாள். பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு, ஆடுகிற ஏழு பேரும் வெர்னாவும் பாறை நிழலில் நின்றார்கள். நின்றார்கள் என்று சொல்வதும் தப்பு. ஒருத்தி கயிறில்லாமலே கயிறு தாண்டினாள், ஷெல்பி ஒரு ஆரஞ்சை வானத்துக்கு எறிந்து எறிந்து பிடித்தாள், நோலீன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னும் காய்ச்சல் இருக்கு" என்று அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தாள். வில்மிங்டன் கொடி கட்டிய கார் ஒன்று ஏறிவந்தது, வேகம் குறைந்தது.

"என்ன பாட்டிம்மா, டீ போடுறீங்களா?" என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்டான்.

"ஆமா, உங்க கருமாதிக்கு!" என்றாள் வெர்னா.

கார் போய், நின்று, பின்னோக்கி வந்தது. அதே ஆள் தலையை வெளியே நீட்டினான். இந்த முறை முகத்தில் கேலி இல்லை. "ஏம்மா, மூணு பேருக்கு இடம் இருக்கு. ஏத்திக்கவா?"

பெட்ரா பெண்களைப் பார்த்தாள். மூன்று பேரை வைத்து ஆட்டம் தொடங்க முடியாது. ஐந்து பேராவது வேண்டும். "நன்றி கண்ணு. ஏழு பேரா வந்தோம், ஏழு பேராத்தான் இறங்குவோம். நீ போய் அங்க சொல்லு, வந்துகிட்டே இருக்கோம்னு."

கார் மறைந்தது. எஞ்சின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. வெர்னா உள்ளங்கையைக் கொண்டுபோய், எடுத்து, மறுபடி கொண்டுபோய்ப் பார்த்தாள். நாற்பது வருடம் காத்திருந்தது இந்தப் பாறை நிழலில் நிற்பதற்கா? கடைசியில் கையை வைத்தால் வைக்க முடிந்தது. மேல் குழாயை அழுத்தினால் தளர்ந்து கொடுத்தது. துணியைப் போட்டு மூடியைப் பிடித்தாள்.

பிடித்த மாத்திரத்தில் மூடி அசைந்தது. அழுத்தவே தேவையில்லை. இரண்டு பிடியில் பூட்டிக்கொள்ள வேண்டியது, பாதித் திருகலில், முதல் பிடியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தது.

"இது மூடவே இல்லையே!" என்று பெட்ரா அலறினாள். "பாதியில நிக்குது! அழுத்தம் நிக்காம எல்லாம் வழிஞ்சு போயிருக்கு. மெர்வின்! அந்த அட்டையில பெருமையா எழுதி வச்சானே!"

"நானும் பார்த்தேனாம்," என்றாள் ஷெல்பி. "பார்த்த கண்ணை நோண்டணும்."

பெட்ரா ஃபோனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு மேலே ஓடினாள். ஃபோனே தேவையில்லை என்கிற மாதிரி அவள் குரல் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. "நீ என்ன கிறுக்கனா? உன்னை யாரு தொடச் சொன்னா? ஊர் மானத்தை வாங்கிட்டியே!"

வெர்னா இருக்கைக்கு அடியிலிருந்து தன் கேனை எடுத்து, கலந்து வைத்திருந்த கூலன்ட்டை மெல்ல ஊற்ற ஆரம்பித்தாள். குமிழி வந்தது, நிறுத்தினாள், மறுபடி ஊற்றினாள். கேன் காலியானது. ஆட்டத்துக்கென்று வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஊற்றிக்கொண்டே இருந்த வெர்னாவின் கை நடுவில் ஒருமுறை நின்றது.

காலையில் மூடியை அழுத்தித் திருகியது ஞாபகம் வந்தது. முதல் பிடியில் விழுந்த சின்ன சத்தம் விரலில் இருந்தது. இரண்டாவது சத்தம் விரலில் இல்லை. தேடித்தேடிப் பார்த்தாள், இல்லை. அதற்குப் பதில் ஹாரன் சத்தம்தான் இருந்தது.

பெட்ரா மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று வெர்னா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. 'சரி'ன்னான். வச்சுட்டான்."

மெர்வினாவது, 'சரி' என்பதாவது! எது சொன்னாலும் எதிர்த்துச் சொல்லாவிட்டால் அவனுக்குப் பீர் செரிக்காது. வெர்னா வாயைத் திறந்தாள். ஏழு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, மூடியைப் போடு, வண்டியை எடு என்று. இப்போது சொன்னால் ஏழு பேரும் பந்தைப் பார்க்கமாட்டார்கள், இவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். ரேடியேட்டர் மூடியையும் வைத்து அழுத்தினாள். ஒரு சத்தம். இன்னும் அழுத்தித் திருகினாள். இரண்டாவது சத்தம்.

"ஏறுங்கடி!"

எஞ்சின் கிளம்பியது. முள்ளை நம்பாமல் அவள் ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.

"வெர்னா! வெளியில வெந்துகிட்டிருக்கு, உள்ள ஹீட்டரா? பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"எஞ்சின் சூட்டை உள்ள இழுத்து வெளிய தள்ளும். ஜன்னலைத் திறங்க. செத்துப் போகமாட்டீங்க."

ஹாரக்ஸ் கணவாயின் மேல் வளைவுகளில், சூடான ஒரு மத்தியானத்தில், ஹீட்டரை முழுசாக வைத்துக்கொண்டு ஏழு பெண்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு போனதை எதிரே வந்த லாரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். மேக்கப் கரைந்து, பின்னல் அவிழ்ந்து, பாவாடை ஒட்டி, எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முள் சிவப்புக்குக் கீழே நடுங்கியது. ஏறியது. நின்றது. "இறங்குடி, இறங்குடி, என் தங்கமே," என்று வெர்னா அதனிடம் கெஞ்சினாள். உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரிந்தபோது முள்ளும் கூடவே சரிந்தது. பஸ்ஸுக்குள் கிளம்பிய கூச்சலில் மரத்திலிருந்த கிளிக்கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது.

வில்மிங்டன் கோர்ட்டில் நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்னா பஸ்ஸை வேலிவரை கொண்டுபோய் நிறுத்தினாள். கதவு முழுசாகத் திறப்பதற்குள் ஏழு பேரும் இறங்கி ஓடினார்கள்.

"கொஞ்சம் வார்ம் அப் பண்ணிக்கிறீங்களா?" என்று நடுவர், இவர்கள் கோலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கேட்டாள்.

"தாயே," என்றாள் பெட்ரா, நெற்றி வியர்வையை வழித்து எறிந்தபடி, "அது நல்லாவே ஆயிடுச்சு."

ஆட்டத்தைச் சொல்ல வெர்னாவால் ஆகாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நோலீன் விழுந்து எழுந்தது தெரியும். இடைவேளையில் ஆரஞ்சுத் துண்டுகளைத் தோலோடு கடித்தது தெரியும். கடைசிக் கட்டத்தில் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, இரவெல்லாம் தூங்காத ஷெல்பி வளையத்துக்குக் கீழே நின்று பந்தைத் தூக்கினாள். பந்து விளிம்பில் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே விழுந்தது. விசில். ஒரு கோல் வித்தியாசம்.

வெர்னா வேலியைத் தாண்டியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். டீ போடுறீங்களா என்று கேட்ட வில்மிங்டன்காரன்கூட வந்து கைகொடுத்தான். கோப்பை கை மாறி மாறி அவளிடம் வந்தது. அதன் குளிர்ந்த உலோகத்தைத் தழும்புக் கையால் அணைத்துக்கொண்டு, கூட்டத்திலிருந்து விலகி, பஸ்ஸின் பின்னால் போய் நின்றாள்.

ஃபோனை எடுத்து யுரில்லா பப்பின் எண்ணை அழுத்தினாள். ஜெயித்ததை முதலில் சொல்வதா, மூடியை முதலில் சொல்வதா? மூடியைத்தான், என்று முடிவு செய்தாள். "மெர்வின், அது நான்தான்" என்று ஆரம்பித்துவிட வேண்டும், அவன் வாயைத் திறப்பதற்குள்.

மணி அடித்தது. ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்றவன் எடுக்கவில்லை. பின்னால் பெண்கள் அவள் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபோனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எடுடா," என்றாள். "மெர்வின், எடுடா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.